எட்டு நாள் தண்ணீர் படக் கூடாது

பள்ளிக்கூடத்தை மூன்று நாள் மூடி, என் வகுப்பறையில்தான் அம்மை குத்தினார்கள். ஐம்பதுகளின் கடைசி அது. ஊருக்குள் பெரியம்மை நுழைந்துவிட்டது என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிராங்கூன் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்த சந்துகளில் எங்கள் ஆட்கள் குத்திக்கொள்ள வரவில்லை என்று சுகாதார இலாகாவுக்குக் கவலை. தமிழும் ஆங்கிலமும் தெரிந்த டீச்சர் ஒருத்தி மேசைப் பக்கத்தில் நின்று விளக்கினால் வருவார்கள் என்று யாரோ யோசனை சொல்ல, தலைமை ஆசிரியர் யோசிக்காமல் என்னைக் கை காட்டினார். என் தொண்டை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

குழந்தைகளுக்குக் குத்துவது சுலபம். பிடித்துக்கொண்டால் போதும், அழுதுவிட்டுப் போய்விடும். பெரியவர்களிடம்தான் உயிர் போயிற்று. தேக்கா சந்தையில் வாழையிலை விற்கிறவர் சட்டையைக் கழற்றி, காலணா அளவுக்கு மூன்று தழும்பைக் காட்டி, நாகப்பட்டணத்தில் கப்பல் ஏறும்போதே எல்லாம் முடிந்துவிட்டது என்றார். பால்காரர் ஒருவர் கறக்கிற கையில் குத்தக் கூடாது, வேண்டுமானால் தொடையில் குத்துங்கள் என்று வேட்டியை மடித்துக் கட்டினார். வயதான அம்மாக்கள் ரவிக்கைக் கையை ஒரு ஆண்பிள்ளை முன்னால் ஏற்ற மாட்டோம் என்று நின்றார்கள். நான் முந்தானையை விரித்துத் திரை பிடித்தேன். திரைக்குள் கை மட்டும் நீளும்.

குத்தியவர் ஒரு யாழ்ப்பாணத்து டிரசர், டாக்டருக்குக் கீழே மருந்து கட்டுகிறவர். ஓய்வு பெற இன்னும் இரண்டே வருஷம். காத்தோங்கில் வீடு, காலையில் சிலோன் ரோட்டுப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு பஸ் பிடித்து வருவார். கையைத் துடைப்பார், அம்மைப்பாலை ஒரு சொட்டு வைப்பார், ஊசி முனையால் அதன் மேலேயே கீறிவிடுவார். அது அப்படியே காய வேண்டும். அவர் ஒரு வரி சொல்வார், நான் அதைத் தமிழில் கத்துவேன். துடைக்காதீங்க. எட்டு நாள் தண்ணி படக் கூடாது. மஞ்சள் படக் கூடாது. வேப்பிலை படக் கூடாது. சொறியக் கூடாது. அவரும் தமிழர்தானே, அவரே சொல்லலாமே என்று முதல் நாள் கேட்டேன். அவர் தமிழ் எங்கள் சந்துக்காரர்களுக்குப் பாதி புரியவில்லை, புரிந்த பாதியை அவர்கள் நம்பவில்லை.

இரண்டாம் நாள் காலை வரிசையில் முதல் ஆளாக என் மாமியார் நின்றதைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் அப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். எங்கள் வட்டாரத்தில் எந்த வீட்டில் அம்மை போட்டாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அம்மை போட்டிருக்கிறது என்று அவர் காது படச் சொல்ல முடியாது. அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். கொப்புளம் என்றால் முறைப்பார், அது முத்து. வேப்பிலைக் கொத்தால் விசிறி, இளநீர் கொடுத்து, தாலாட்டுப் பாடி, முத்து உதிர்ந்ததும் மூன்று தண்ணீர் ஊற்றி அம்மாவை வழியனுப்பிவிட்டுத்தான் வீடு திரும்புவார். ஒரு காசு வாங்க மாட்டார். சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் அது போதுமானதாக இருந்தது. பெரியம்மையை அந்தச் சந்துகள் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. அவருக்கு எல்லாம் ஒரே அம்மாதான்.

எனக்கும் அவருக்கும் பெரிய ஒட்டுதலும் இல்லை, சண்டையும் இல்லை. நான் படித்தவள் என்கிற திமிர் எனக்கு இருந்தது, அதை அவர் கண்டுகொள்ளாமல் இருந்தார். ஒரே சமையலறையில் ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் நடக்கப் பழகியிருந்தோம். அப்படிப்பட்டவர் தானாக வந்து கையை நீட்டியதும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. டிரசரிடம் இவர் என் மாமியார் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டேன். குத்தியதற்கு அட்டை எழுதிக் கொடுத்தார்கள். அவர் அதை மடியில் செருகிக்கொண்டு பின்பக்கமாகப் போனார்.

மத்தியானம் கை கழுவலாம் என்று பின்னால் இருந்த குழாயடிக்குப் போனேன். அங்கே இன்னொரு வரிசை நின்றது. என் வரிசையில் குத்திக்கொண்டவர்கள் அத்தனை பேரும், வாழையிலைக்காரர், பால்காரர், முந்தானைத் திரைக்குள் கை நீட்டிய அம்மாக்கள் எல்லோரும், குத்திய இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசையின் தலைப்பில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். செம்பு நிறைய மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த விழுது. ஈரத்துணியால் ஒவ்வொரு கையையும் அழுத்தித் துடைத்து, அதன் மேல் விழுதை அப்பிக்கொண்டிருந்தார். அவர் குத்திக்கொண்ட இடத்தில் ஏற்கெனவே மஞ்சள் காய்ந்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் செம்பை எட்டி உதைத்தேன். அவ்வளவு பேர் முன்னால் உதைத்திருக்கக் கூடாது, இன்றைக்கும் அது எனக்கு அவமானம்தான். அவர் சத்தம் போடவில்லை. உருண்ட செம்பை எடுத்து நிமிர்த்திவிட்டு, அட்டை வேணும்னாங்க, அதுக்கு வந்தோம், அட்டை கிடைச்சிடுச்சு, அம்மா வர்ற பாதையில முள்ளை வெக்கச் சொல்லி யாரும் சொல்லலையே என்று மெதுவாகச் சொன்னார். குத்திய இடத்தைக் குளிர வைக்காவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள் என்று பால்காரர் எனக்கு விளக்கம் வேறு சொன்னார்.

டிரசரிடம் போய்ச் சொன்னபோது அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, எத்தனை பேர் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமும் மறுநாள் முழுக்கவும் சந்து சந்தாகப் போனேன். அஞ்சடியில், கடைவீடுகளின் முன்தாழ்வாரத்தில், நின்று ஒவ்வொரு மாடியாகப் பெயரைச் சொல்லிக் கத்தினேன். புலம்பிக்கொண்டே வந்தார்கள், மறுபடி குத்திக்கொண்டார்கள், குழாயடியில் இந்தத் தடவை பியூனை நிற்க வைத்திருந்தோம். வராதவர் ஒரே ஒருத்தர். எனக்கு அட்டை இருக்கு என்று சொல்லிவிட்டு அவர் வீட்டில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவர் குளித்து ஈரத்தலையோடு இருந்தார். அந்த நேரத்தில் குளிக்கிறவர் இல்லை. எங்கே போய் வந்தீர்கள் அத்தை என்று கேட்டதற்கு, அம்மா வந்த வீட்டுக்கு என்றார். இரண்டு சந்து தள்ளி, வேலைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தங்கியிருந்த மாடி. அதில் மரவாடியில் வேலை பார்த்த ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்குக் காய்ச்சல் அடித்து முகமெல்லாம் முத்து. அவர் அம்மை குத்தும் வரிசைக்கே வராமல் நழுவியவர். திங்கட்கிழமை காலையில் வந்து கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கள் முழுக்கவும் செவ்வாய் மத்தியானம் வரையும் இவர் அந்த மனிதர் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறியிருக்கிறார். வாயில் இளநீர் ஊற்றியிருக்கிறார். மத்தியானம் இவர் குளிக்க வீட்டுக்கு வந்த நேரம் பார்த்து வேன் வந்து அந்த மனிதரைத் தொத்துநோய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்களை எல்லாம், நோயாளியோடு இருந்தவர்களை ஒதுக்கி வைக்கும் தீவுக்குக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். வேறு யார் யார் வந்து போனார்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையாம். அம்மாவுக்கு ஊழியம் செய்ய வந்தவளைக் காட்டிக் கொடுக்கலாமா? அது அவர்கள் மரியாதை.

அந்த மரியாதையால் என் மாமியார் சாகப் போகிறார். ஓட்டமும் நடையுமாக டிரசரைத் தேடிப் போனேன். அவர் அப்போது பெரிய ரோட்டில் ஒரு கடைக்குப் பின்னால் மேசை போட்டுக் குத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், துடைத்ததையும் சேர்த்து. அவர் விரல் விட்டு எண்ணினார்.

"திங்கள் எண்டால் வெள்ளிக்குள்ள குத்த வேணும், பிள்ளை. அதுக்குப் பிறகு குத்தியும் பிரயோசனமில்லை."

இன்னொன்றும் சொன்னார். இதைக் கேட்டுவிட்டு அவர் சும்மா இருக்க முடியாது. எழுதிக் கொடுத்தால் நாளைக்கே தீவுக்குக் கொண்டுபோவார்கள். குத்திக்கொள்ளச் சம்மதித்தால், கதவைச் சாத்தி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள அவர் மேலே பேசிப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பொறுப்பார். வீட்டுக்கு வந்து குத்தவும் தயார். ஆனால் கையைப் பிடித்து இழுத்துக் குத்த மாட்டார், அப்படிக் குத்தினால் தான் போனதும் துடைத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிப் போட்டேன். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவரும் லீவு போட்டார். மாமியாரை முன்னறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். புதன்கிழமை என் கணவர் கெஞ்சினார். அம்மா காலைப் பிடித்துக்கொண்டு, எனக்காகக் குத்திக்கம்மா என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அவர் மகன் தலையைக் கோதிவிட்டார், கையை மட்டும் நீட்டவில்லை. வியாழக்கிழமை நான் பேசினேன். பெரியம்மை எப்படிப் பரவுகிறது என்று வகுப்பில் சொல்வது போல விவரமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீ சொல்றது புஸ்தகத்துல இருக்கும்மா என்றார். தீவைப் பற்றிச் சொன்னேன். எங்க கொண்டுபோனாலும் அவ அங்கயும் இருப்பா என்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதே சமயம் நெஞ்சுக்குள் ஒரு மூலையில், இவர் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் என்று ஒரு கேள்வி எழுந்தது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அப்படி ஒரு எண்ணம் எனக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

என் கணவர் சமையலறையில் வந்து, டிரசர்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்லா என்று முணுமுணுத்தார். சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் யார் மேலாவது பழியைப் போட்டால்தான் அவருக்கு நிற்க முடிந்தது, நான் வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மனுக்கு உகந்த நாள். மாமியார் காலையிலிருந்து பட்டினி. முன்னறையில் அம்மன் படத்துக்கு எலுமிச்சம்பழ மாலை போட்டு, குத்துவிளக்கு ஐந்து முகமும் ஏற்றி, வாசல் நிலையில் புது வேப்பிலை கட்டியிருந்தார். சரியாக ஐந்து மணிக்கு டிரசர் பையோடு படியேறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் படத்தைக் கும்பிட்டார். என் மாமியாருக்கு அது பிடித்திருந்தது. அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார்.

டிரசர் தன்மையாகத்தான் கேட்டார். தன் வீட்டிலும் அம்மாளாச்சி படம் இருக்கிறது, தானும் குத்திக்கொண்டவர், தன் மனைவி பிள்ளைகளுக்கும் தன் கையாலேயே குத்தியிருக்கிறார் என்றார். மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஒரே பதில்.

"நான் அவ பக்கத்துல இருந்துட்டு வந்தவ, டாக்டரய்யா. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கையை நீட்டுவேன்?"

டிரசர் டம்ளரைக் கீழே வைத்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து முழங்காலில் விரித்தார். பேனாவைத் திறந்து, என்னைப் பார்க்காமல், மாமியாரின் முழுப்பெயர் என்ன என்று கேட்டார். என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் விருட்டென்று எழுந்தேன். மூன்று நாளாக ஒழுங்காகச் சீவாத தலை. எழுந்த வேகத்தில் கொண்டை அவிழ்ந்து முடி முகமெல்லாம் விழுந்தது. எனக்கு அதை ஒதுக்கத் தோன்றவில்லை. உடம்பு நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கத்தினேன்.

"யாரைக் கேட்டு நீ சாகப் போற? கையை நீட்டு."

மாமியாரை நீ என்று அதற்கு முன்னால் நினைப்பில்கூடக் கூப்பிட்டதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முடியைப் பார்த்தார், என் பின்னால் எரிந்த விளக்கைப் பார்த்தார். அப்புறம் மெல்ல எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார்.

"தாயே" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கோபத்தை அவர் அருள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். ஒரே வார்த்தை சொன்னால் போதும், அத்தை, நான்தான் அத்தை என்று. சொல்லியிருக்கலாம். டிரசரின் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. கோயிலில் சாமியாடுகிறவர்களைப் பார்த்து மனசுக்குள் சிரித்தே வளர்ந்தவள் நான். முடியை ஒதுக்காமல் அப்படியே நின்றேன். உஸ்ஸென்று மூச்சு விட்டேன். பார்த்ததெல்லாம் உடம்பு ஞாபகம் வைத்திருந்தது போல, தானாக ஆட வந்தது.

குத்திக்கொண்டால் கோபித்துக்கொள்ள மாட்டாயா தாயே என்று அவர் கேட்டார். குரல் உடைந்திருந்தது. நான்தானே சொல்றேன், குத்திக்க என்றேன். அதோடு நிறுத்தினால் நான் யார்? அவர் துடைத்துவிடுவாரோ என்ற பயத்தில், மூன்று நாள் வகுப்பறையில் கத்தியதை எல்லாம் கத்தித் தீர்த்தேன். துடைக்காதே. எட்டு நாள் தண்ணி படக் கூடாது. மஞ்சள் படக் கூடாது. வேப்பிலை படக் கூடாது. தன் வேப்பிலையையே வேண்டாம் என்று சொன்ன அம்மன் உலகத்தில் வேறு எங்கும் இருந்திருக்க மாட்டாள்.

அவர் உட்கார்ந்து இடது கையை நீட்டினார். டிரசர் பையைத் திறந்தார். அவர் துடைத்து, சொட்டு வைத்து, கீறி முடிக்கும்வரை நான் ஆடிக்கொண்டே இருந்தேன், கண்ணை மூடினால் நின்றுவிடுவேனோ என்று பயந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு ஆடினேன். காய்ந்தது தெரிந்ததும்தான் எனக்கு இன்னொரு பிரச்சினை இருப்பது உறைத்தது. சாமி மலையேற வேண்டுமே. என் கணவர்தான் விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசினார். எனக்குத் தெரிந்த ஒரே வழியாக தொப்பென்று விழுந்தேன். முழங்கை நிலைப்படியில் இடித்து நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது.

டிரசரை வழியனுப்பப் படி இறங்கினேன். அவர் கீழ்ப்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நான் ஒண்டும் காணேல்லை, பிள்ளை. ஆனால் முப்பது வருசத்தில இப்பிடி ஒரு மொழிபெயர்ப்பு கேட்டதில்லை."

என் கணவர் அதைப் பற்றி என்னிடம் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. என்ன பதில் வந்தாலும் அதோடு குடித்தனம் நடத்த வேண்டுமே என்று பயந்திருப்பார்.

மாமியார் சொன்ன சொல்லை அப்படியே காத்தார். குளிக்கும்போது இடது கையைக் கூரையைப் பார்க்கத் தூக்கிக்கொள்வார். நான் செம்பில் மொண்டு ஊற்றுவேன். வாசலில் கட்டியிருந்த வேப்பிலையைக் காற்றில் பட்டுவிடப் போகிறது என்று அவிழ்த்துவிடச் சொன்னார். ஆறாம் நாள் கீறிய இடத்தில் நீர் கோத்து எழும்பியது. டிரசர் வந்து பார்த்துவிட்டு, அம்மைப்பால் பிடித்துக்கொண்டது என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அது இரண்டு நாள்தான்.

எட்டாம் நாள் சனிக்கிழமை காலையில் அவருக்குக் காய்ச்சல் அடித்தது. மண்டை வலி, இடுப்பு வலி, ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை. குத்தினாலும் காய்ச்சல் வரும். ஆனால் அந்த மனிதர் தலைமாட்டில் அவர் உட்கார்ந்து அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். பெரியம்மை வருவதாக இருந்தால் அப்போதுதான் வரும், இப்படித்தான் ஆரம்பிக்கும். டிரசர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம், இரண்டு மூன்று நாளில் முகம் சொல்லிவிடும் என்றார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மரவாடிக்காரர் முந்தாநாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்றார்.

அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மணிக்கு ஒரு தடவை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைப் பார்த்தேன், உள்ளங்கையைப் பார்த்தேன், டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தேன். காது ஓரத்தில் ஒரு சிவப்பு தெரிந்து டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன், கொசுக்கடி. அவருக்கோ துளி பயம் இல்லை. காய்ச்சலில் முகம் வீங்கிக் கிடந்தபோதும் என்னைப் பார்த்தால் சிரிப்பார். அவளே சொல்லிட்டாளே என்பார். அவருக்கு அம்மன் இருந்தாள். எனக்கு யார் இருந்தார்கள்? அந்த அம்மனே நான்தானே. அந்த மூன்று நாளில் படத்துக்கு முன்னால் நின்று, உன் பெயரில் பேசியது தப்புதான், தண்டனை கொடுப்பதாக இருந்தால் எனக்குக் கொடு என்று கும்பிட்டேன். சாமியைக் கும்பிடத் தெரியாதவள் கும்பிடுவது எப்படி இருக்குமோ அப்படி, திட்டுவது போலத்தான் கும்பிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் விட்டது. செவ்வாய் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மிளகு ரசமும் குழைந்த சோறும் கேட்டார். நான் சமையலறைக்குப் போய், மிளகைத் தட்டிக்கொண்டே வாய்விட்டு அழுதேன்.

டிரசர் சொன்ன நாள் கணக்கு முடிந்து கதவைத் திறந்தோம். நான் வேலைக்குப் போனேன். ஆனால் வீடு பழைய வீடாக இல்லை. நான் உள்ளே வந்தால் மாமியார் எழுந்து நின்றார். நான் சாப்பிட்ட தட்டை என்னைக் கழுவ விடவில்லை. என்னை நீங்க என்று கூப்பிட ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு அம்மாக்கள் வந்து என் காலைத் தொடப் பார்த்தார்கள். நான் மாடிப்படி ஏறுவதற்கு முன்னால் கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். சொன்னால் அவர் மனசில் என்ன ஆகும் என்று தெரியாமல் மென்று விழுங்கினேன்.

ஒரு மாதம் கழித்து, பள்ளி விடுமுறையில், ஒரு பகல் நேரம். கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் பாயில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். பாயில் உட்காருங்க அத்தை என்றேன். உட்காரவில்லை. கை கூப்பியிருந்தார்.

என் கணவருக்கு முன்னால் அவருக்கு ஒரு பிள்ளை இருந்தானாம். மூன்று வயது. அந்த வருஷமும் இப்படித்தான் ஊரில் அம்மை வந்து, எல்லோரையும் குத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மாமனார் வேண்டாம் என்றிருக்கிறார். அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து இவர் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரேஸ் கோர்ஸ் ரோடு வரை வெயிலில் நடந்து போய்க் குத்திக்கொண்டு வந்திருக்கிறார். வரும்போதே பிள்ளைக்கு உடம்பு சுட்டதாம். ஒன்பதாம் நாள் போய்விட்டான். கையில் புண்கூட ஆறவில்லை. மாமனார் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். பேசாததுதான் பெரிசு என்றார். இதை என் கணவரிடம்கூட அவர் சொன்னதில்லை. அன்றைக்கு யாராவது அந்தக் கையைத் துடைத்துவிட்டிருந்தால் பிள்ளை இருந்திருப்பானோ என்று நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட கேக்கலைம்மா. அவகிட்ட கேட்டுச் சொல்லுங்க. எம்பிள்ளைய நான்தான் கொன்னேனா?"

என் கையில் சிவப்பு மைப் பேனா. தலைமுடி இறுக்கிக் கட்டியிருந்தது. விளக்கு எரியவில்லை. அன்றைக்கு இருந்த கோபத்தில் ஒரு துளிகூட என்னிடம் இல்லை, உடம்பு ஆடவில்லை. நான் நானாகச் சொன்னால் அது அவருக்கு எந்த மூலைக்கு? புத்தகம் படித்த மருமகள் ஆறுதல் சொல்கிறாள் என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். பேனாவைக் கீழே வைத்தேன். அவர் முகத்தை நேராகப் பார்த்து, சாதாரணக் குரலில் சொன்னேன்.

"இல்லடி. நீ கொல்லல."

அவர் கூப்பிய கையை இறக்கினார்.  அப்புறம், குழந்தைக்குப் பசிக்குமோ என்று கேட்பது போல அவ்வளவு மெதுவாக, இப்ப அவன் எங்க இருக்கான் தாயே என்று கேட்டார்.

என்கிட்டத்தான் இருக்கான் என்றேன்.

அவர் தவழ்ந்து வந்து, திருத்திய தாள்களின் மேலேயே முழங்காலை ஊன்றி, என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் அதுவரை கேட்டிராத ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் வராததால் மறுபடியும் கூப்பிட்டார்.